பிறர் சொல்லைச் சுருக்குதல்

மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும்வரை எமக்கு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர் இதைக் 'கூப்பியூர்' என்பார்கள். வெட்டு என்று பொருள். நாளின் நடுவில் விழும் இந்த வெட்டுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போய்வருவதென்றால் மெத்ரோவிலேயே பாதி நேரம் போய்விடும் என்பதால், றெஸ்ரோரண்டின் நிலக்கீழ் அறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் உடுப்பு மாற்றும் அலுமாரிகளுக்கும் இடையில் நாம் இருந்துவிடுவோம். சிலர் நித்திரை கொள்வர். சிலர் ஊருக்கு ரெலிபோன் எடுப்பர். சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை அந்த அறையில் ஒரு சண்டை நடந்தது. 1892இல் இறந்துபோன ஏர்னஸ்ற் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றிய சண்டை அது.

சனி ஞாயிறுகளில் எம்மோடு கோப்பை கழுவ ஒரு தம்பி வருகிறார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறார், முதலாம் வருடம். வன்னியில் பிறந்தவர். 2009இல் அவருக்கு ஆறு வயது. அந்த வருடம் சித்திரையில் தகப்பனைப் பறிகொடுத்தார். தாயோடு முகாமில் இருந்து, பன்னிரண்டு வயதில் இங்கு வந்து சேர்ந்தார். அவருடைய பிரெஞ்சு எம்முடையதைவிட நூறு மடங்கு நல்லது. இருந்தும் ஒரு கட்டுத் தாளோடு எம்மிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் கம்பசிலை படிச்சனீங்கள்தானே, உதை ஒருக்கால் பாருங்கோ."

நாம் படித்தது உண்மை. முடித்ததில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது எமது படிப்பு. அந்தக் கதை பிறகு வரும்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை இது. 1882 மார்ச் 11ஆம் திகதி சோர்போனில் ரெனான் நிகழ்த்திய 'தேசம் என்றால் என்ன?' என்ற உரையை நானூறு சொற்களில் சுருக்க வேண்டும். பத்து வீதம் கூடலாம், குறையலாம். பிரெஞ்சுப் படிப்பில் இதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. ஆசிரியர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்ல வேண்டும். அவருடைய வசனத்தை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. சொந்தக் கருத்து ஒரு சொல்லும் வரக்கூடாது. ஐம்பது சொல்லுக்கு ஒருமுறை கோடு போட்டு, கடைசியில் எத்தனை சொல் என்று எழுத வேண்டும். 'லோம்' என்று ஒரே மூச்சில் சொல்வதை, எழுத்தில் நடுவே ஒரு குறி இருப்பதால் இரண்டு சொல்லாக எண்ணுவார்கள். (தமிழில் 'வரமுடியாதவர்களுக்காகவும்' ஒரு சொல். இந்தப் பரீட்சையைத் தமிழில் வைத்தால் எம்மை வெல்ல ஆளில்லை.) எல்லாவற்றிலும் விசித்திரமான விதி இன்னொன்று. 'ஆசிரியர் கூறுகிறார்' என்று எழுதக் கூடாது. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே எழுத வேண்டும். சண்டை பெரும்பாலும் இந்த விதியில்தான் போய் முடிந்தது.

முதலில் ரெனான் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றது. அல்சாஸும் லொறேனின் ஒரு பகுதியும் ஜேர்மனியின் கைக்குப் போயின. அல்சாஸ் மக்கள் பேசுவது ஜேர்மன் சார்ந்த மொழி, இனத்தாலும் அவர்கள் எம்மவரே என்றது ஜேர்மன் தரப்பு. பதினொரு வருடம் கழித்து ரெனான் மேடையேறிக் கேட்கிறார்: தேசத்தை ஆக்குவது இனமா, மொழியா, மதமா, வணிக நலனா, ஆறும் மலையுமா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இல்லையென்று தள்ளுகிறார். மூன்று நான்கு மொழிகளோடு சுவிஸ் இருக்கிறதே என்கிறார். பிறகு தன் விடையைச் சொல்கிறார். தேசம் ஓர் ஆன்மா. அது இரண்டு பொருளால் ஆனது. ஒன்று, கூடிப் பட்ட துன்பமும் கூடிப் பெற்ற பெருமையும் சேர்ந்த நினைவுச் சொத்து. மற்றது, இனியும் கூடி வாழ்வோம் என்ற இன்றைய சம்மதம். இந்தச் சம்மதத்தைத்தான் நாள்தோறும் நடக்கும் வாக்கெடுப்புக்கு ஒப்பிடுகிறார்.

இதற்கெல்லாம் முன்னரே, உரையின் முதற்பகுதியில், வேறொன்றைச் சொல்லிவிடுகிறார். தேசம் உருவாவதற்கு மறதி வேண்டும். வரலாற்றைப் பிழையாக விளங்கிக்கொள்வதும் வேண்டும். ஆகவே வரலாற்று ஆய்வின் முன்னேற்றம் தேசியத்துக்குப் பல வேளைகளில் ஆபத்தானது. ஏனென்றால் ஒற்றுமை எப்போதும் கொடூரத்தாலேயே உண்டாக்கப்படுகிறது. வட பிரான்சும் தென் பிரான்சும் ஒன்றானது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீடித்த அழிப்பாலும் பயங்கரத்தாலும். 1572இன் சென் பார்த்தெலமிப் படுகொலையையும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தெற்கில் நடந்த படுகொலைகளையும் ஒவ்வொரு பிரெஞ்சுக் குடிமகனும் மறந்திருக்க வேண்டும் என்கிறார்.

தம்பி கொண்டுவந்த முதற் பிரதியில் இந்தப் பகுதி இல்லை. முந்நூற்றுத் தொண்ணூறு சொல், வடிவான பிரெஞ்சு, மறதி மட்டும் காணாமற் போயிருந்தது. எங்கே என்று கேட்டோம்.

"உந்த மனுசன் மறக்கச் சொல்லுறான் அண்ணை. அதை என்ர கையாலை எழுதேலாது."

மரக்கறி வெட்டும் மேசையில் நிற்கும் அண்ணை, எங்களுக்குள் மூத்தவர், படுத்திருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "விட்டது சரி. தேவையானதை எடு, மிச்சத்தை விடு. சுருக்கம் எண்டால் உதுதானே." இன்னொருவர் எழும்பி உட்கார்ந்தார். ஒரு நாட்டை அதன் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்திருப்பதில் எந்தத் தேசத்துக்கும் மெய்யான நன்மையில்லை, எல்லையில் தகராறு வந்தால் அங்குள்ள சனத்தைக் கேளுங்கள் என்று ரெனான் சொல்லும் இடத்தைத் தம்பி வாசித்துக் காட்டியதும் அவருக்கு நித்திரை கலைந்துவிட்டது. "உதை மட்டும் எழுது. எங்கட மேடையளிலை சொல்ல வேண்டிய விசயமடாப்பா!"

அவர் ஆசைப்பட்டதில் பிழையில்லை. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்தால், அந்த இடத்திலேயே ரெனான் தனக்கு எதிரான கேள்வியையும் எழுப்புகிறார். இப்படிப் போனால் பிரிவினையால் தேசங்கள் துண்டு துண்டாகிவிடாதா? இத்தகைய விடயத்தில் எந்தக் கொள்கையையும் அளவு மீறி இழுக்கக் கூடாது என்று தானே ஒப்புக்கொள்கிறார். எங்கள் மேடைக்குப் போகும் சுருக்கத்தில் இந்த வசனம் ஏறாது. கொழும்பில் ஒரு மேடைக்கு இதே உரையை வேறொருவர் சுருக்கினால் என்ன செய்வார்? மறதியை மட்டும் எடுப்பார். ஒன்றுபட்ட தேசத்துக்கு மறதி அவசியம் என்று பிரெஞ்சு அறிஞரே சொல்லிவிட்டார், எனவே பழசைக் கிளறாதீர்கள் என்பார். அவருடைய சுருக்கத்திலும் ரெனான் சொல்லாத சொல் ஒன்றும் இராது. எம்முடையதிலும் இராது. ஒவ்வொரு வசனமும் மெய்யாயிருக்க, முழுவதும் பொய்யாயிருக்கும் எழுத்து ஒன்று உண்டென்றால் அது சுருக்கந்தான். இதை எந்த வாத்தியாரும் எமக்குச் சொல்லித்தரவில்லை. 'மூன்றிலொன்றாகச் சுருக்குக' என்று கேட்பார்கள். அடைமொழியை வெட்டு, உதாரணத்தை வெட்டு, சொல்லை எண்ணு. அது ஒரு வெட்டு வேலையாகவே எமது மண்டையில் பதிந்துவிட்டது.

குசினியில் சுருக்குவது வெட்டுவதல்ல. மாட்டெலும்பை வறுத்து, வெங்காயமும் கரட்டும் போட்டு, நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு வடித்தால் பத்து லீற்றர் சாறு வரும். (சைவ வீட்டுப் பிள்ளைகளான நாம் முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். இப்போது மணத்திலேயே பதம் சொல்லுவோம்.) அதை மெல்லிய நெருப்பில் வற்றவைத்தால் ஒன்றரை லீற்றராகும். எலும்பில் இருந்ததெல்லாம் அந்த ஒன்றரை லீற்றரில் இருக்கும், போனது தண்ணீர் மட்டும். வற்ற முன்னர் உப்புப் போடக் கூடாது என்பதுதான் எமக்கு முதலில் சொல்லித்தந்த பாடம். பத்து லீற்றருக்கு அளவாயிருந்த உப்பு ஒன்றரை லீற்றரில் கைக்கும். தம்பியின் இரண்டாவது பிரதியைப் பார்த்தபோது இந்த உப்பின் நினைவுதான் வந்தது.

இரண்டாவது பிரதியில் மறதி வந்திருந்தது. நானூறில் நூற்று நாற்பது சொல் அதற்கே போயிருந்தது. 'நான்' என்பதை விட்டுவிட்டு 'அவர்' என்று எழுதியிருந்தார். 'கூறத் துணிகிறார்' என்று ஓரிடம். 'கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறார்' என்று இன்னோரிடம். கூறினார், வாதிட்டார், நிறுவினார், ஒப்புக்கொண்டார், பிதற்றினார் எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் சொற்கள் போலத்தான் தெரியும். ஆனால் நிறுவினார் என்றால் நீ அவர் பக்கம். ஒப்புக்கொண்டார் என்றால் அவர் மேல் முன்னமே குற்றம் இருக்கிறது. வாசகருக்கு வாதத்தைக் கேட்க முன்னரே தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. "விதியிலை 'நான்' எண்டு எழுதச் சொல்லியெல்லே இருக்கு" என்றோம். தம்பி கனநேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்:

"நான் எண்டு எழுதினால் அது நானே சொன்னமாதிரி ஆகாதோ அண்ணை? பொய்யெல்லோ அது?"

இந்தக் கேள்விக்கு எம்மிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. மூத்த அண்ணை, "சத்தியவான் சாவித்திரியிலை யமனுக்கு ஆடினவர் விடிஞ்சால் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போறேல்லையோ?" என்றார். தம்பி கூத்துப் பார்த்ததில்லை, அதை விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் போனது. உவமை நல்லதுதான், ஆனால் போதாது. யமனுக்கு ஆடுபவர் பாசக்கயிற்றை வீசினாலும் பார்த்திருப்பவர் ஒருவரும் சாவதில்லை. ரெனானின் வாதம் வாசிப்பவரின் மண்டைக்குள் போய் வேலை செய்யும்.

இருந்தாலும் 'நான்' தான் நேர்மையான வடிவம் என்றே எமக்குப் படுகிறது. 'அவர் கூறுகிறார்' என்பது வெளிப்பார்வைக்கு நேர்மையாகத் தெரியும். பொறுப்பு அவருக்கு, நான் தூதன் மட்டும் என்று காட்டும். ஆனால் அந்த இடைவெளிக்குள்தான் ஏளனமும் ஒளிந்துகொள்கிறது. 'நான்' என்று எழுதுபவனுக்கு அந்த வசதி இல்லை. தன்னைத்தானே ஏளனம் செய்துகொண்டு எவரும் வாதிடுவதில்லை. மற்றவனுடைய வாதத்தை அவன் நிறுத்திய அளவுக்காவது நிமிர்த்தி நிறுத்தாமல் அந்த வடிவத்தில் ஒரு பத்தியும் எழுத முடியாது. விரும்பாதவனின் வாதத்தை அப்படி எழுதுவது ஒரு தண்டனை போன்றது. அந்தத் தண்டனையை ஒரு முறையாவது அனுபவிக்காதவன் அவனை மறுக்க உரிமையுள்ளவனா என்பதும் எமக்குச் சந்தேகம்.

எம்மவருக்கு இது புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் சுபக்கத்தோடு தொடங்கவில்லை, பரபக்கத்தோடு தொடங்குகிறது. உலகாயதன் முதலாகப் பதினான்கு தரப்பாரின் கொள்கையை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றையும் மறுத்து, அதற்குப் பின்னர்தான் தன்னுடையதைச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் நூலில் கடவுள் இல்லையென்பவனுக்கு முதல் ஆசனம். அவனுக்கு அங்கு முழு நியாயம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அவனுடைய சொந்த நூல்கள் எமக்குக் கிடைக்காததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. குண்டலகேசிக்கும் அதே கதிதான். பௌத்தக் காப்பியமான அது அழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது சில பாடல்கள். அதன் வாதங்களை அறிய வேண்டுமென்றால் அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியிடமும் அதன் உரையிடமும்தான் கையேந்த வேண்டும். எதிரி எழுதிய சுருக்கம் மட்டுமே மிஞ்சும் காலம் எவருக்கும் வரலாம். சுருக்குகிறவனுக்குத் தெரியாது, தன் தாள்தான் கடைசிச் சாட்சியாக எஞ்சப்போகிறதென்று.

இப்போது எமது கதை. 2008இல் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பின்னறையில் இருவர் வாடகைக்கு இருந்தோம். ஒரு மாலை பாண் வாங்கப் போன அறைத்தோழன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் இரவு எம்மைக் கேட்டு ஆட்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அன்று தற்செயலாக நாம் அங்கிருக்கவில்லை. அதனால் படிப்பை விட்டோம், அதனால் ஊரை விட்டோம். 2010இல் இந்த நாட்டுக்கு வந்து, ஓர் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதை மூன்று மணித்தியாலம் சொன்னோம். மாதங்கள் கழித்து வந்த முடிவுக் கடிதத்தில் அந்த மூன்று மணித்தியாலம் பதினொரு வரியாக இருந்தது.

தமிழில் 'வந்தார்' என்பதற்கும் 'வந்தாராம்' என்பதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சிலும் அப்படி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் அதை நிபந்தனை வினை என்று படிப்பிப்பார்கள். பத்திரிகைக்காரரும் அலுவலகங்களும் உறுதிப்படாத செய்தியை அந்த வினையில்தான் எழுதுவார்கள். எமது பதினொரு வரியும் அந்த வினையில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தாராம். படிப்பை நிறுத்தினாராம். தெரிந்தவர் ஒருவர் காணாமற் போனாராம். நாட்டைவிட்டு வெளியேறினாராம். 'ஆம்' எம்மைச் சுட்டது உண்மை. ஆனால் விசாரிக்கிறவர்களுக்கு அந்த வினை தேவை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். எவர் சொல்வதையும் சரிபார்க்க முன் 'வந்தார்' என்று எழுத முடியாது. எம்மை அழித்தது வேறொன்று. நான்கு செய்தியும் இருந்தன, ஒழுங்கு மாறியிருந்தது, 'அதனால்' இல்லை. அறைத்தோழன் 'தெரிந்தவர்' ஆகியிருந்தார். அவர் காணாமற் போனதற்கும் விண்ணப்பதாரி வெளியேறியதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று கீழே எழுதி மறுத்திருந்தார்கள். அந்த 'அதனால்' எங்கே விழுந்தது? மொழிபெயர்த்தவர் விட்டாரா, எழுதியவர் விட்டாரா, அழுகையில் நாமே விழுங்கினோமா, இன்றுவரை தெரியாது. மேன்முறையீட்டில் வழக்கறிஞர் எழுதியது ஒரு பக்கந்தான். அதுவும் சுருக்கமே. அதில் நாட்கள் வரிசையாக இருந்தன, நண்பனின் பெயர் இருந்தது, 'அதனால்' இரண்டு இடத்தில் இருந்தது. 2013இல் எமக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது.

இதைத் தம்பிக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம். சொல்லிவிட்டு ஓடர் எழுதும் துண்டுத் தாள்களை எடுத்தோம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு துண்டு. பத்தி என்ன சொல்கிறது என்று எழுத வேண்டாம், என்ன வேலை செய்கிறது என்று எழுதும் என்றோம். கேட்கிறார். விட்டுக்கொடுக்கிறார். மறுக்கிறார். உதாரணம் காட்டுகிறார். தனக்கெதிராகத் தானே கேட்கிறார். ஆனால், ஏனென்றால், ஆகவே, ஒருவேளை எல்லாவற்றையும் சிவப்பால் சுற்றச் சொன்னோம். சுருக்கத்தில் முதலில் உதிர்வது இந்தச் சின்னச் சொற்கள்தான். எண்ணிக்கையைக் குறைக்க இவற்றை விட்டால் வசனம் நிற்கும், வாதம் விழுந்துவிடும்.

பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத மூத்த அண்ணைக்கு ரெனானைத் தமிழில் சொல்லச் சொன்னோம். அண்ணை சும்மா கேட்கிற ஆளில்லை. "அவர் ஏன் அப்பிடிச் சொல்லுறார்?" என்று ஒவ்வொரு இடத்திலும் மறித்தார். மறித்த இடமெல்லாம் தம்பிக்கே விளங்காமல் தாண்டிப்போன இடங்கள். இன்னொரு மொழியில் சொல்லிப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, மூலத்தின் வசனத்தைத் திருட முடியாது. நாம் கம்பசில் விரிவுரைக் குறிப்பை அப்படியே பாடமாக்கி எழுதிய ஆட்கள். அதைத் திருட்டென்று எவரும் சொன்னதில்லை, மரியாதையென்றே நினைத்திருந்தோம்.

அப்படிச் சொல்லிக்கொண்டு போகையில்தான் தம்பி மறதியின் இடத்தில் தடக்கினார். "மறக்க வேணும்..." என்று தொடங்கி நிறுத்தி, தாளை நிமிர்த்திப் பார்த்தார். "இல்லை. மறக்க வேணும் எண்டில்லை. மறந்திருக்க வேணும் எண்டெல்லே இருக்கு."

பிரெஞ்சிலும் அது அப்படித்தான் இருக்கிறது. தமிழில் 'மறந்திருக்க வேண்டும்' என்றால் இரண்டு பொருள் வரும். மறந்திருப்பது கடமை என்பது ஒன்று. 'ஆளைக் காணேல்லை, மறந்திருக்க வேணும்' என்று நாம் சொல்வது போல் ஊகம் மற்றது. ரெனானின் வசனமும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெனடிக்ற் அன்டர்சன் தனது 'கற்பிதச் சமூகங்கள்' நூலின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கடைசி அத்தியாயத்தில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். மறந்தாகிவிட்டது என்கிறார் ரெனான். ஆனால் சென் பார்த்தெலமி என்றால் என்ன என்று விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்பவருக்கு விளங்குமென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் ஒருவரும் மறக்கவில்லை. மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே நினைவூட்டப்படும் கொலைகள் அவை. 'மறக்கச் சொல்லுறான்' என்று தம்பி எம்மிடம் சொன்ன முதல் வார்த்தையே ஒரு பிழையான சுருக்கம். தம்பியின் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவும் இல்லை. எதன்மேல் கோபப்படுவது என்பது மட்டும் முன்னைவிடத் தெளிவாயிற்று.

ஒரு சின்னச் சொல்லை விடுவதால் எம் சனத்துக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பார்த்தோம். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இலங்கைப் போரின் கடைசிக் கட்டம் பற்றி இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை வெளியிட்டது. நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை இந்தக் கட்டத்தில் மறுத்துவிட முடியாது, சரியான தொகையை அறிய முறையான விசாரணை வேண்டும் என்பது அதன் நிலை. எம்மவர் பலர் அதை 'நாற்பதாயிரம் பேர் என்று ஐ.நா. சொல்லிவிட்டது' என்று சுருக்கினோம். எதிர்த்தரப்பு 'ஆதாரமில்லாத ஊகம்' என்று சுருக்கியது. 'வரையான', 'மறுத்துவிட முடியாது', 'இந்தக் கட்டத்தில்' எல்லாம் உதிர்ந்தன. விசாரணை வேண்டும் என்ற, அறிக்கையின் வலுவான பகுதி, இரண்டு சுருக்கத்திலும் அடிபட்டுப் போனது. தம்பியின் தகப்பன் அந்த எண்ணுக்குள் இருக்கிறாரா இல்லையா என்று கூட ஒருவரும் சொல்ல முடியாது.

அடுத்த கிழமை தம்பி புதிதாக ஒன்றோடு வந்தார், முகத்தில் வெற்றிக்களை. ரெனான் 1871இல் எழுதிய வேறொரு நூலில், இயற்கை சீனரைத் தொழிலாளராகவும் கறுப்பரை நிலம் கொத்துபவராகவும் ஐரோப்பியரை எசமானராகவும் போர்வீரராகவும் படைத்ததாக எழுதியிருக்கிறார். எமே செசேர் 1950இல் வெளியிட்ட காலனியம் பற்றிய நூலில் அதைப் பிடித்து உலுப்புகிறார். "உந்தாளுக்கு ஏன் அண்ணை நாங்கள் நியாயம் செய்ய வேணும்?" பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மாலி நாட்டுத் தோழர் என்ன விடயமென்று கேட்க, தம்பி அவருக்குப் பிரெஞ்சில் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, நிலம் கொத்தவிட்டிருந்தால் நல்லது, இங்கே வெயிலே இல்லை என்றார்.

கேள்வி நியாயமானது. எமக்குத் தெரிந்த மட்டில், சுருக்கத்தில் காட்டும் நீதி ரெனானுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அவர் செத்து நூற்றாண்டு கடந்துவிட்டது. மூலத்தைத் தொடவே போகாத வாசகருக்கு நாம் பட்ட கடன் அது. செசேர் அந்த இடத்தில் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் ரெனானைச் சுருக்கவில்லை. அவருடைய வசனங்களை நீளமாக, அப்படியே எடுத்து வைத்துவிட்டு, இதைச் சொன்னவர் யாரென்று பிறகுதான் சொல்கிறார். குற்றம் சாட்ட வந்தவர் எதிரியின் சொல்லில் ஒன்றையும் குறைக்கவில்லை. 1871இல் எழுதியதை 1882இன் சுருக்கத்துக்குள் நுழைக்க முடியாது, வேறொரு கட்டுரையில் வைத்துக்கொள்ளும் என்று தம்பிக்குச் சொன்னோம். முணுமுணுத்தார், ஆனால் நுழைக்கவில்லை.

மூன்றாவது பிரதி நானூற்றுப் பன்னிரண்டு சொல். மறதிக்கு ஐம்பத்தெட்டு. 'நான்' என்று எழுதியிருந்தார். அந்த ஐம்பத்தெட்டுச் சொல்லைக் கையால் எழுத ஒரு முழு இரவு போனதாம். முடித்தபிறகு தாய்க்கும் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்ததுகளின்ர பேர் ஏதும் அந்தாள் சொல்லியிருக்கிறாரோ?" என்று கேட்டாராம். இல்லை என்றதற்கு, "அப்ப சரி, நீயும் விடு" என்றுவிட்டுச் சோறு போட எழும்பினாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று தம்பி எம்மைக் கேட்டார். எமக்கும் விளங்கவில்லை.

இருபதுக்குப் பதின்மூன்று கிடைத்தது. சுவிஸ் உதாரணத்தை விட்டிருக்கலாம் என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். அது அவருக்குப் பிடித்த இடம், மூன்று முறையும் விடாமல் வைத்திருந்தார். தாளை அலுமாரிக் கதவில் ஒட்டிவைக்கப் போனவரை மூத்த அண்ணை தடுத்து, முதலில் கையைத் துடை, எண்ணெய் பட்டுவிடும் என்றார். மேலே அடுப்பு மூட்டும் நேரமாகியிருந்தது.